இடது காலுக்கு ஒரு கிளட்ச்

மார்ச் 3, செவ்வாய்

கிளட்ச் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற வழியில், மேம்பாலம் ஏறும்போது. இன்ஜின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. இறங்கித் தள்ளி ஓரங்கட்டினேன். ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இவ்ளோ சவுண்டு விடுற வண்டிக்கு இந்த மேட்டுலயே மூச்சு வாங்குதா?" என்றார். வேறு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆறு மாதமாகச் சொல்கிறேன், கிளட்ச் கனமாகிக்கொண்டே போகிறது என்று. யார் காதில் விழுகிறது?

காரைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு எக்ஸ்ரே அறைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். வரிசையில் பதினொரு பேர். அவர்களுக்கெல்லாம் எலும்பு, எனக்குக் கார்.

மார்ச் 5, வியாழன்

பட்டறைக்காரரோடு சண்டை. அவருக்கு நானும் வீட்டுக்காரரும் வைத்த பெயர் மௌனசாமி. வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஒன்பது வருடமாக என் காரில் கை வைத்தவர் அவர் ஒருவர்தான். இரண்டே பேர் உட்காரும் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ வைத்ததும், உடம்பைத் தரையோடு தாழ்த்தியதும், என் கிறுக்கு யோசனைகளுக்கெல்லாம் தலையாட்டியதும் அவர்தான். ஞாயிறுதோறும் நான் மலை ரோட்டில் விரட்டும்போது டர்போவின் பலத்தைத் தாங்கத்தான் மூன்று வருடத்துக்கு முன் கெட்டியான கிளட்ச் போட்டோம்.

"அக்கா, நீங்க கனம் கனம்னு சொன்னதுக்கு சிலிண்டர மாத்தினேன். ஆயில மாத்தினேன். பெடலையே கழட்டி கிரீஸ் போட்டேன். இன்னும் என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

"ஒழுங்கா பண்ணச் சொல்றேன்."

மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 7, சனி

கிளட்சைக் கழற்றுவதற்கு முன்பே மௌனசாமி கொக்கித் தராசை மாட்டிப் பெடலை அளந்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் எழுதிய பட்டறைச் சீட்டையும் தேடி எடுத்து வைத்திருந்தார்.

"அன்னைக்கும் இருபத்திரண்டு கிலோ, இன்னைக்கும் இருபத்திரண்டு கிலோ. கனம் கூடவே இல்லக்கா."

பிறகு தேய்ந்த தகட்டை என் கையில் வைத்தார். "மலையேறித் தேஞ்சது இப்படி இருக்காது. கால் முழுசா மேல வராம, பாதியிலயே நின்னு நின்னு கருகினது இது." அது உரசுகிற சக்கரத்திலும் நீலநீலமாகச் சூட்டுத் தழும்பு.

"பெடல் மேல கால வெச்சுக்கிட்டே ஓட்டுற ஆளா நான்? கத்துக்குட்டியா?"

 மௌனசாமி பேசாமல் நின்று இன்றுதான் பார்க்கிறேன். கிளம்பும்போது மட்டும், "கால ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்கக்கா" என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

இடது காலில் செருப்பு கழன்று கழன்று விழுகிறது. நவம்பரிலிருந்து மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். கடைக்காரரிடம் போய், விற்கிற சரக்கா இது என்று கத்திவிட்டுக்கூட வந்தேன்.

செருப்பைக் குறை சொன்னேன். பெடலைச் சொன்னேன். மௌனசாமியைச் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

நரம்பு டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிதான், ஒரு மாடி மேலே. தினமும் படம் கேட்டு ஆள் அனுப்புகிறவர். குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் சொன்னபடி தூக்கிக்கொண்டது. இடது பாதம் தரையை விடவில்லை. தூக்கு, தூக்கு என்கிறேன், அது யாரோ எவரோ போலக் கிடக்கிறது. அப்புறம் ஊசி, மின்சாரம், கம்ப்யூட்டரில் கோடு.

"கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா பலம் போயிட்டு இருக்கு. அமுக்கறதும் குறையும், எடுக்கறதும் குறையும். மெதுவாத்தான் போகும். பயிற்சி பண்ணினா இன்னும் மெதுவா போகும்."

"நிக்குமா?"

"நிக்காது."

கார் ஓட்டலாமா என்று கேட்டேன். ஆட்டோமேட்டிக் வாங்கிக்கலாமே என்றார், குடை வாங்கிக்கொள்ளச் சொல்வது போல.

பதினெட்டு வருடமாக எலும்பைப் படம் பிடிக்கிறேன். நரம்பு அதில் விழாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் இல்லை — பயம். பயமா இருக்கு. ஞாயித்துக்கிழம காலையில மலை ரோட்டுல ஏறலன்னா நான் யாரு? எக்ஸ்ரே எடுக்கற பொம்பள, அவ்வளவுதானே? அந்த வளைவுகள்ல மட்டுந்தான் என் உடம்பு நான் சொன்னத சொன்ன மாதிரி கேட்டுது. அதுவும் போச்சா?

மார்ச் 14, சனி

மௌனசாமி மேசைமேல் இரண்டு கிளட்ச்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்று, முன்பு இருந்ததை விடக் கெட்டி. டர்போ எவ்வளவு உதைத்தாலும் வழுக்காது. பெடல் இருபத்திநாலு கிலோ. இன்னொன்று, கார் புதிதாக வந்தபோது கம்பெனியே போட்டிருந்த வகை. பன்னிரண்டு கிலோ, பூப்போல இருக்கும். ஆனால் நம் டர்போவைத் தாங்காது, பலத்தைக் குறைத்தாக வேண்டும்.

"டாக்டர் என்ன சொன்னார்க்கா?"

"சுளுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "சரி. வீட்டுல எடை பார்க்கற மிஷின் இருக்கா? சுவத்துல சாத்தி வெச்சு, உக்காந்த வாக்குல இடது காலால மிதிங்க. பெடலோட கனத்துக்கு ரெண்டு மடங்காவது கால் மிதிக்கணும். அப்பத்தான் சிக்னல்ல புடிச்சுக்கிட்டு நிக்க முடியும். நம்பரைச் சொல்லுங்க, எதுன்னு முடிவு பண்ணிடலாம்."

மார்ச் 15, ஞாயிறு

இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, அலமாரிக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து மிதித்தேன்.

வலது: 52.

இடது: 27. மறுபடி, 27. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை, 26.

கெட்டியானதற்கு நாற்பத்தெட்டு வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

போன் பண்ணி ஐம்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 28, சனி

 எழுதித்தான் ஆக வேண்டும்.

கெட்டி கிளட்ச் போட்டாயிற்று என்று மௌனசாமி கூப்பிட்டார். இவரும் கூட வந்தார். முதல் மிதி ஜம்மென்று இருந்தது. பார்த்தாயா, ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர் வழக்கம்போல பட்டறை வாசலில் காருக்கு முன்னால் நின்று, தெருவைப் பார்த்து வழிகாட்டினார். முதல் கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். வரிசையாக ஸ்கூட்டர்கள். "இரு, இரு" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வலது கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போயிருந்தது. இடது கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரே வண்டி, ஒரே வண்டி என்று அழுத்திப் பிடித்தேன்.

பாதம் வழுக்கிவிட்டது. கார் ஒரே பாய்ச்சல். இவர் பானெட்டில் விழுந்து, அதிலிருந்து தரையில் விழுந்தார். இன்ஜின் அணைந்தது. அது மட்டும் அணையாமல் இருந்திருந்தால்!

நான் இறங்குவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்பு, முழங்கால் வீங்கிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, நான்தான் கிட்ட நின்னுட்டேன்" என்கிறார். என் மேல் தப்பில்லையாம்!

எங்கள் எக்ஸ்ரே அறைக்குத்தான் கூட்டிப்போனேன். கையுறை மாட்டிக்கொண்டு, என் புருஷனின் முழங்காலை நானே படம் எடுத்தேன். எலும்பு உடையவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் பொய்யாகச் சொன்ன அந்த எண்ணையும். திட்டுவார் என்று பார்த்தேன். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

மௌனசாமிக்கு போன் பண்ணினேன். "அந்த ஐம்பத்திரண்டு வலது கால். இடது இருபத்தேழு. சுளுக்கு இல்ல, நரம்பு. சரியாகாது."



"எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா. ஊர்ல உள்ளதெல்லாம் பேசற எனக்கு இதக் கேக்க மட்டும் வாய் வரல. தெரிஞ்சே மாட்டிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"உங்கள ஏன் சொல்லணும்? பொய் சொன்னது நான்."

அன்றைக்கு ஒழுங்கா பண்ணுங்க என்றதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் என்றார். மறந்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 4, சனி

லேசான கிளட்ச்தான். முடிவு பண்ணியாயிற்று. டர்போவின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மலையில் இனி என்னைப் பள்ளிக்கூட வேன்கூட முந்தும். முந்தட்டும்.

கணக்கு சுலபம். பன்னிரண்டுக்கு இரண்டு மடங்கு இருபத்திநாலு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, இவர் எதிரில் உட்கார்ந்து மிதித்துக் காட்ட வேண்டும். இருபத்திநாலுக்குக் கீழே போகிற அன்று சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நானே வைத்த நிபந்தனை. இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

26.

ஏப்ரல் 11, சனி

லேசான கிளட்ச் போட்டாயிற்று. இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கால் நடுங்கவில்லை. சத்தம் குறைந்துவிட்டது, அடுத்த வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

"இது எத்தன வருஷம் வரும்?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவை கிளட்ச் மாற்றும்போதும் கேட்பதுதான்.

"இப்ப இருக்கற பலத்துக்கு எட்டு வருஷம் தாராளமா வரும்க்கா" என்றார் மௌனசாமி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. சட்டென்று குனிந்து ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் காரில் நான் நான்கு கிளட்ச் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன். இதைத் தேய்த்து முடிக்க என் காலுக்கு நாள் இல்லை. அங்கேயே அழுதேன், இரண்டு ஆம்பளைகளுக்கு முன்னால், வெட்கமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சாவியை நீட்டினேன். "ஏங்க, நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கிளம்புங்க. மைதானத்துக்குப் பின்னாடி காலி இடம் இருக்கு. கிளட்ச் பழகணும்."

"நானா? எனக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாதே. தேய்ச்சுடப் போறேன்!"

"தேயுங்க" என்றேன். "அதுக்குத்தான் கூப்பிடறேன்."