சித்தியின் முட்டி வலி மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வெளியே வர இல்லத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்களா! உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். லாண்டரி வேலையில் ஒரே தலையணை உறைக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டேனாம். ஸ்டீம் மெஷின் அக்கா, "அது உறையாடி, இல்ல மாப்பிள்ளை சட்டையா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் உறையால் முகத்தை மூடிக்கொண்டேன். எனக்கு எப்போதுதான் பேச வந்திருக்கிறது? இல்லத்தில் உங்களுக்குப் போன் தராததும் நல்லதுதான். போனில் என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வரும்.

சித்தியிடம் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்றால், உன் கடிதத்தை அவள் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். படித்துவிட்டு, "வரட்டும். என் கூடப் பொறந்தவதானே, வேணாம்னா சொல்லப் போறேன்? ஆனா இங்கேயே தங்குறதப் பத்தி, ஞாயித்துக்கிழமை அவளைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள்.

ஜெயிலிலிருந்து வந்து இல்லத்தில் நீ தங்கும் ஆறு மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. பிறகு ஒன்று இந்த வீடு, இல்லாவிட்டால் பழைய தெரு. அங்கே யார் வீட்டில் போதை மாத்திரை கிடைக்கும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். அதை வாங்கி, விழுங்கி, விற்று, அங்கிருந்துதானே உன்னை ஜெயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சிரித்துப் பேசு. ஜெயிலில் மாதிரி, கழிவறைக்குப் போக யாரிடமும் கை தூக்கிக் கேட்காதே. சித்தி பயந்துவிடுவாள்.

உன்,
வாயாடி


மார்ச் 5

என் வாயாடிக்கு,

பேசவே பேசாத பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தேன் பார், என் வாயைச் சொல்ல வேண்டும். என்னால் எட்டாவதோடு நின்றவள் இவ்வளவு நன்றாக எழுதுகிறாய். படித்துக் காட்டினால் இங்கே எல்லோரும் என்னைப் பொறாமையாகப் பார்க்கிறார்கள்.

தெருமுனை வரை பெரியக்கா கூட வருவார். இந்த இல்லத்தை நடத்துகிறவர், அவரும் என்னைப் போல ஒரு காலத்தில் உள்ளே இருந்தவர்தான். "பரீட்சைக்குப் போற மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதே" என்கிறார். பின்னே இது என்னவாம்? செருப்பு தேய்ந்துபோயிருக்கிறது. சித்தி பார்ப்பாளோ?

அம்மா


மார்ச் 9, திங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஏன் அப்படி எழுந்து போனாய்? நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தாய்? சித்திகூடச் சிரித்தாள். நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாய். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

இப்போது வேறொரு வம்பு. சாயங்காலம் சித்தி மருந்து அலமாரிப் பக்கம் போனாள். கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. "என் முட்டி வலி மாத்திரை எங்கடி?" என்றாள். உள்ளே ஒன்றுமே இல்லை, இருமல் மருந்துகூட இல்லை. சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வந்த அன்னிக்கே கை வெச்சுட்டா பாரு. அதான் டீயக்கூடக் குடிக்காம ஓட்டம்" என்றாள்.

அம்மா, எடுத்தது நான். சனிக்கிழமையே எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி, லாண்டரியில் எனக்குக் கொடுத்த பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் கண்ணில் படக் கூடாது என்றுதான். சித்தியிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், "அவ்வளவு பயம்னா எதுக்குடி அவளை வரச் சொல்றே?" என்று கேட்பாளே.

இப்போதும் சொல்லவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கடையில் தரமாட்டார்கள். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன்னைத் திருடி என்கிறாள், அதற்கும் நிற்கிறேன். நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. சீக்கிரம் எழுது.

உன்,
வாயாடி


மார்ச் 11

என் கண்ணே,

முதலில் மாத்திரையைச் சித்தியிடம் கொடு. அவள் முட்டி என்ன பாவம் செய்தது?

பிறகு, எடுத்தது நீதான் என்று சொல். அதோடு சேர்த்து இதையும் சொல்: அந்த அலமாரியைத் திறந்தது நான்.

நீ பாலுக்குப் போயிருந்தாய். சித்தி வாசலில் யாருக்கோ ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலிக்கவில்லை. திறந்தால், தட்டு காலி. பாட்டில் இருந்த இடமெல்லாம் தூசியில் வட்ட வட்டமாகத் தெரிந்தது. உன் வேலைதான் என்று உடனே புரிந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது. மாத்திரை இருந்திருந்தால் எடுத்திருப்பேனா? தெரியவில்லை. அதனால்தான் ஓடினேன்.

தெருமுனையில் பெரியக்காவிடம் சொன்னேன். "கதவை மூடினியா?" என்றார். மூடவில்லை என்றேன். "அடுத்த தடவை மூடிட்டு வா. வந்து சொன்னேல்ல, நட" என்றார். இல்லத்துத் தையல் அறையில் இன்னும் மூன்று மாதம் படுத்துக்கொள்ளலாமாம். பழைய தெருவை நினைத்து நீ பயப்படாதே.

உன்னை மட்டும் சொல்லிவிட்டு என்னை மறைத்தாயானால், நான் அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.

அம்மா


மார்ச் 14, சனி

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

சித்தி துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மருந்துப் பையை அவள் முன்னால் வைத்து, முதலில் என்னைச் சொன்னேன். "ஏண்டி, நாலு நாளா நான் நொண்டுறத வேடிக்கையா பார்த்துட்டிருந்தே?" என்று தலையில் நங்கென்று குட்டினாள். பிறகு, "பாவம், அவளைப் போய்..." என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மாதக் கடைசியில் நீ இங்கே வந்திருப்பாய், அம்மா. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மீதியையும் சொன்னேன்.

சித்தி கத்தரியைக் கீழே வைத்தாள். "இத அவளே சொன்னாளா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, "அவளேவா?" என்று மறுபடி கேட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவள் துணி வெட்டிக்கொண்டே இருந்தாள். நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் ஒரு பூட்டு வாங்கி வந்தாள். "அலமாரிக்கு. சாவி என்கிட்டதான் இருக்கும். தங்குறது இப்ப வேணாம், அந்த மூணு மாசம் போகட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம வரட்டும். பூட்டப் பார்த்துட்டு மூஞ்சியத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிடு" என்றாள்.

பூட்டு சின்னதுதான். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிறது. அதன்மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். பிறகு நானே எடுத்துவிட்டேன்.

வருவாய்தானே? இந்த முறை டீயை முழுசாகக் குடித்துவிட்டுப் போ.

உன்,
வாயாடி