பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு, குவைத்துல இருந்து எஸ்தர். ஆண்டவர் கிருபையில நல்லாயிருக்கேன். உங்க மூட்டுவலி தேவலையா?

கிளிப் போடறதுக்கு முன்னாடி நம்ம பாப்பாவுக்கு நாலு பல்லு எடுக்கணும்னு செங்கல்பட்டு டாக்டர் சொன்னாரே, இந்த மாசப் பணத்துல ரெண்டு எடுத்துடுங்க. மிச்சத்தைப் பொங்கல் கழிச்சுப் பார்க்கலாம். நான் வேலை செய்யற வீட்டம்மா கூடுதல் வேலை தரேன்னாங்க.

நேத்து பஸ்ஸுல அசந்துட்டேன். மாமல்லபுரத்து மணல்ல பாப்பா அலைகூட ஓடிக்கினு, தெத்துப்பல்லு தெரிய சிரிச்சிக்கினு இருந்தா. முழிச்சுப் பார்த்தா என் ஸ்டாப் தாண்டிடுச்சு. வெயில் இல்ல, மெதுவா நடந்தே வந்துட்டேன்.

பல்லு எடுக்கற அன்னிக்குக் காலையில அவளைச் சிரிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் விட்டுட்டு வந்த முகம் அதுதான்.

ஃபோன்ல கேட்டா அழுதுடுவேன். அதான் ஊருக்கு வர்ற ரோகிணிகிட்ட இதைக் கொடுத்தனுப்பறேன். அவளை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போற கார் வந்துடுச்சாம்.

எஸ்தர்