செல்வி வாசித்த கடைசி இரண்டு வரி

12 நவம்பர் 1996, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் மனித உரிமைப் பாடம். ஊரில் யாருக்காவது உரிமை மறுக்கப்படுகிறதா என்று பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தேன். இன்று செல்வி எழுந்து வாசித்தாள்.

"எங்க டீச்சர் வயல்ல பூச்சிமருந்து டப்பாவை வாய்க்கால்ல கழுவுறாங்க. களையெடுக்கிற எங்கம்மா அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க."

வகுப்பே என்னைப் பார்த்தது. "போதும், உட்காரு" என்றேன்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு டீச்சர்" என்று நின்றபடியே வாசித்தாள்.

"கேட்டா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. கேக்குறது நம்ம உரிமைன்னு டீச்சர் சொன்னாங்க."

வீட்டுக்காரர் துபாய் போனதிலிருந்து வயலைப் பார்ப்பது கொழுந்தன்தான். இனி வாய்க்காலில் டப்பா கழுவக் கூடாது, களையெடுக்க வருகிறவர்களுக்கு நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் குடத்தில் போகணும் என்று சாயங்காலமே அவனிடம் சொல்லிவிட்டேன். சிரித்தான்.

"ஒரு சின்னப் பொண்ணு சொன்னதுக்கா அண்ணி?"

"நான் சொல்லிக்கொடுத்த பொண்ணு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் வரும். அதற்குள் இவன் என்ன சொல்லி வைப்பானோ. சொல்லட்டும்.

நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையே அந்தப் பொண்ணு!