இரண்டு தோள் படங்கள்

சுவா,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி ரோபாத்தேவுக்கு,

அக்கா மெரேயா எழுதுவது. இங்கே மழை விடவில்லை. சேப்பங்கிழங்கெல்லாம் மண்ணிலேயே அழுகுகிறது. அப்பா வாய் கோணிப் படுத்தபடியேதான் இருக்கிறார். நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். ஊட்டும்போது அந்தக் கைகளைப் பார்ப்பேன். எனக்கு இரக்கம் வருவதில்லை.

பிரிஸ்பேனிலிருந்து நீ அனுப்பிய எக்ஸ்ரே படங்களைப் பார்த்தேன். முதலில் உன்னுடையது. நேராக எடுத்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை. கையைத் தூக்கிவைத்துப் பக்கவாட்டில் எடுத்ததில்தான் வண்டவாளம் தெரிகிறது. தோள் கிண்ணத்தின் முன்விளிம்பு உடைந்து மழுங்கியிருக்கிறது. கையெலும்பின் தலையில், பின்புறம், ஆழமாக ஒரு குழி. பலமுறை நழுவிய தோள் இது. ரக்பி இறுதி ஆட்டத்தில்தான் தோள் முதன்முதலாக நழுவியது என்று டாக்டரிடம் சொன்னாயாமே. அவர் நம்பட்டும். நீ சிறுவனாக இருந்தபோதே, ஈரப்பலா மரத்தடியில் அப்பா உன் கையை முறுக்கி இழுத்ததை நான் பார்த்தேன். "சத்தம் போட்டே, இன்னொரு கையும் போயிடும்டா" என்றார். நீ மண்ணைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். அவரே உன் விலாவில் காலை ஊன்றி இழுத்துத் தோளை உள்ளே தள்ளினார். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதே.

இனி உன் மகன் படம். இசோவா சைக்கிளிலிருந்து விழுந்தான், இதுதான் முதல் தடவை என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் தினமும் தோள் படம் எடுக்கிறவளுக்கா காது குத்துகிறாய்? வளர்கிற பிள்ளை, அவன் எலும்பில் வளர்ச்சிக்கோடு இன்னும் மூடவில்லை. அதற்குள் அதே விளிம்பு மழுங்கிவிட்டது, அதே இடத்தில் குழி. ஒருமுறை விழுந்து இப்படி ஆகாது. அவனிடமே போனில் கேட்டேன். "சைக்கிள்தான் அத்தை" என்றான். சைக்கிள் என்ன நிறம் என்றேன். அழுதுவிட்டான்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. வெள்ளிக்கிழமை நானே வந்து உன் கையில் தருவேன். நீ படிக்கும்போது இசோவா துணிமணிப் பையோடு என் பக்கத்தில் நிற்பான். அவனை என்னோடு கூட்டிப்போகிறேன். அவன் அம்மாவும் சம்மதித்துவிட்டாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. ஓர் அடி எடுத்துவைத்தாலும் இரண்டு படங்களும் போலீசுக்குப் போகும். கூடப்பிறந்தவன் என்று பார்க்கமாட்டேன்.

கர்த்தர் உன் தோளைக் குணமாக்கட்டும். தினமும் ஜெபிக்கிறேன். குணமானபின் அந்தக் கை என்ன செய்யும் என்றுதான் பயமாக இருக்கிறது.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அக்கா,
மெரேயா