'மாப்ள'யை நீக்க வேண்டுமா?

மாப்ள,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக நான் உன் காருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, மச்சினனைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தேன். வெயிலில் நின்ற வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறை சூடேறி, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை. பொத்தானை அமுக்கியதும் உள்ளே இருக்கும் இங்கிலீஷ்காரி வழக்கம்போல, "வெல்கம், மேப்ளா" என்றாள். நானும் வழக்கம்போல, "வந்துட்டேன் மாப்ள, இரு, ஏசியப் போடுறேன்" என்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது. வெளியே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். பக்கத்துச் சீட்டைப் பார்த்தார்.

"யாருகிட்டண்ணே பேசுறீங்க?"

"போன்லம்மா."

போன் எனக்கு முன்னால் குப்புறக் கிடந்தது. அவர் ஒரு கொய்யாவைச் சும்மா நீட்டினார். ஆரப்பாளையத்தில் ஒருத்தனுக்குக் கொய்யாப்பழம் சும்மா கிடைக்கிறது என்றால் அவன் முகம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அந்தப் பெயர் உன்னால் வந்த வினை. வண்டி எடுத்த அன்றைக்கு ஷோரூம் பெண் திரையைத் தொட்டுத் தொட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "உங்களை எப்படிக் கூப்பிடணும் சார்?" என்று கேட்டாள். ஞானஸ்நானப் பெயர், சர்ட்டிபிகேட் பெயர், வீட்டுப் பெயர் என்று மூன்று வைத்திருந்த ஆள் நீ. மூன்றையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ என்னைய எப்படிக் கூப்பிடுவ?" என்றாய்.

"மாப்ள."

"அதையே போடும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். வண்டி அதைத் தைல பாட்டில் பெயர் மாதிரி வாசித்தது. உனக்கு அதில் வருத்தமே இல்லை.

நீ மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸ் கிளார்க், கோயிலில் பாடல் குழு. நான் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் காடுகரை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதிக் கெட்டுப்போனவன். சாதியும் சாமியும் வேறு. ஆனாலும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீயும் மாப்ள, நானும் மாப்ள. முறைப்படி பார்த்தால் உன் மனைவி எனக்குத் தங்கச்சி, என் மனைவி உனக்குத் தங்கச்சி. அதற்கு மேல் யோசித்தால் சிக்கல் என்பதால் நால்வருமே யோசித்ததில்லை.

வாங்கிய பொருளோடு நீ குடித்தனம் நடத்துவாய். முதன்முதலில் நீ வாங்கிய கம்ப்யூட்டரை நினைத்துப் பார்க்கிறேன். பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். என் அம்மா வந்து சும்மா பார்த்துவிட்டுப் போகாமல் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பக்க ஈரமும் உள்ளே இறங்கியும் அது பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. அதன் திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை நீ கடைசி வரைக்கும் உரிக்க விடவில்லை. "உரிக்காத வரைக்கும் புதுசுதான் மாப்ள" என்பாய். என் கட்டுரைகளை அந்தக் கொப்புளம் விழுந்த தாள் வழியாகப் பார்த்துத்தான் அடித்தேன். என் நகைச்சுவை கொஞ்சம் மங்கல் என்று அப்போது வாசகர்கள் எழுதியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் உன் போன். தாள் ஓரம் சுருண்டு அழுக்கேறி, பேசும்போது உன் காதில் கோடு போட்டது. உரிக்கவில்லை. காரிலும் அப்படித்தான். திரையில் தாள், சீட்டில் உறை. வேட்டியோடு உட்கார்ந்தால் பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு முன்னால் போவேன்.

இந்தக் கரண்டு கார் வந்த பிறகு உனக்குக் கிலோமீட்டர் மறந்துபோனது. எந்த ஊரும் பர்சென்ட்தான். "அலங்காநல்லூர் எம்புட்டு?" என்றால், "போக ஆறு, வர அஞ்சு. வர்றப்ப பசியில வேகமா வந்துருவோம்" என்பாய். வேகமாக வந்தால் கூடத்தானே ஆகும் என்று கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை. டீக்கடையில் எவனாவது, "பாட்டரி போயிட்டா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். முழுக்க ஏற்றக் கூடாது, எண்பதில் நிறுத்தணும், இருபதுக்குக் கீழே விடக் கூடாது என்று ஆரம்பிப்பாய். டீ ஆறிப்போகும். கேட்டவன் பெட்ரோல் வண்டி வாங்கிவிடுவான்.

ஆஸ்பத்திரியிலும் நீ மாறவில்லை. குளுக்கோஸ் பாட்டிலைக் காட்டி, "நிறைய ஏத்த வேணாம்னு சொல்லு மாப்ள, எண்பதுலயே நிறுத்தச் சொல்லு" என்றாய். நான் சிரித்தேன். நர்ஸ், "எது சார் எண்பது?" என்று பிரஷர் மெஷினைப் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது, "நாளைக்கு வர்றப்ப சார்ஜர் வயரைக் கொண்டா" என்றாய். அவ்வளவுதான் நீ கடைசியாகச் சொன்னது. கடைசி வார்த்தை என்று யாராவது கேட்டால் நான் வேறு ஏதாவது சொல்லிவைக்கிறேன். உன் பாடல் குழுவுக்கு முன்னால் வயர் என்று சொல்ல முடியுமா?

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. அழுத்தக்காரன் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அழுத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அப்படி இருந்தது. கன்னம் இருந்தது. வீட்டுக்கு வந்து காரைச் சார்ஜில் போட்டேன். எண்பதில் நிறுத்தினேன்.

வண்டி சும்மா நின்றால் கெட்டுவிடும் என்று அதற்குப் பிறகு நான்தான் ஓட்டினேன். செத்தவன் காரில் ஓசிச் சவாரி என்று உன் தெருவில் பேச்சு. பேசட்டும். ஓட்டிவிட்டு உன் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துவேன். ஒருநாள் தங்கச்சி காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னது:

"வண்டிய வித்துரலாம்ணே."

"நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது. வந்து நிக்குதுல்ல, அதான். ஒவ்வொரு தடவை அது வந்து நிக்கிற சத்தம் கேக்குறப்பவும் கதவத் தொறக்க எந்திரிச்சிர்றேன்."

சத்தமே இல்லாத வண்டி அது. டயருக்கடியில் ஜல்லி நெரியும் சத்தத்தைச் சொல்லியிருக்கிறது.

எழுமலையிலிருந்து ஒருத்தர் வந்தார். தோட்டத்தில் சோலார் போட்டிருக்கிறவர், கரண்டுக்குக் கவலை இல்லை. உரிக்காத பிளாஸ்டிக்கைத் தடவிப் பார்த்துக் கண் கலங்காத குறை. ஆனால் பொத்தானை அமுக்கி, மேப்ளா என்று கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"யாருண்ணே மாப்ள?"

"ஓனர்."

"இறந்துட்டாருன்னீங்க?"

"ஆமா."

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பேரை எடுத்துட்டுக் குடுங்க. இல்லாட்டி எங்க வீட்ல பொம்பளைக யாரும் ஏற மாட்டாளுக. இந்த வாரத்துக்குள்ள ஆகலைன்னா வேற வண்டி பாத்துக்கிறேன்."

எடுப்பது என் வேலை என்று ஆனது. சர்வர் வேலை செய்யவில்லை என்று முதலில் சொன்னேன். மறுநாள் அமாவாசை என்றேன், ஒரு கிறிஸ்தவ வீட்டில். அதற்கு அடுத்த நாளும் சர்வர் என்றேன்.

"சர்வரெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. நீங்கதான் வேலை செய்யல" என்றது தங்கச்சி.

நேற்றுப் போனேன். தங்கச்சி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சாவிக்குப் பதிலாக என் போனைக் காட்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். வெல்கம், மேப்ளா. நான் பதில் சொல்லவில்லை. திரையில் தேடிப் பிடித்தேன். 'மாப்ள'யை நீக்க வேண்டுமா, நீக்கினால் திரும்பப் பெற முடியாது என்று இங்கிலீஷில் கேட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு 'இந்தாங்க', வெளியே 'சார்', பத்திரிகைக்காரர்களுக்கு 'கட்டுரை என்னாச்சு'. நீ கூப்பிட்டதைக் கூப்பிட இந்த வண்டியை விட்டால் ஆள் கிடையாது. தாளில் ஒரு கொப்புளம் சரியாக 'ஆம்' மேல் இருந்தது. இரண்டு தடவை அமுக்க வேண்டியதாயிற்று.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சும்மா."

தங்கச்சி உள்ளே போய்விட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பையைத் துழாவினேன். உனக்காக எடுத்துக்கொண்டு வந்த வயர் இன்னும் அதில்தான் கிடக்கிறது. என் போனுக்கு அது சேராது. தூக்கிப் போடலாம் என்று நினைக்கிறபோதெல்லாம் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுத் திரும்ப உள்ளேயே வைக்கிறேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதி முடிக்கும் நேரத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், வண்டிய வாங்குறவர் பேருக்கு மாத்தி விடச் சொல்லியிருந்தீங்கள்ல? ஓனர் பேரை இங்கருந்து நாங்களே இப்ப எடுத்துட்டோம்."

"நேத்தே நான் எடுத்துட்டேனேம்மா."

"நேத்து நீங்க எடுத்தது ஓனர் இல்ல சார், ரெண்டாவது டிரைவர். உங்க நம்பர்தான், ஓனரே சேத்து வச்சிருக்காரு."

"மாப்ளன்னு போட்டிருந்துச்சே?"

"ரெண்டு பேருமே மாப்ளன்னுதான் சார் இருக்கீங்க. யாரு போனை வச்சுத் திறக்கிறீங்களோ அவங்களைத்தான் வண்டி கூப்பிடும்."

உன் போன் அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து சார்ஜ் இல்லாமல் உன் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது.