கதவில் ஒட்டிய வரைபடம்

அன்புள்ள ரஸலுக்கு,

நான் நலம். உன் சளி குறைந்ததா? இங்கே நெப்ராஸ்காவில் காற்று இன்னும் அடங்கவில்லை.

உன் அப்பா விட்டுப்போன பழைய கேரவன் வீட்டு வண்டியைச் சரிசெய்யலாமா, கழித்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். மெக்கானிக் ஓர்வில் அடியில் படுத்துப் பார்த்தார். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு டெல்மா. தரைதான் ஊறிப்போச்சு. கோடைக்குள்ள ஓட வச்சிடலாம்" என்றார். நானும் சரியென்று, ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்துவிட்டேன்.

வண்டிக் கதவில் அந்த அமெரிக்க வரைபடம் அப்படியே இருந்தது. போய்வந்த மாநிலத்துக்கெல்லாம் அப்பா வண்ணத்தாள் ஒட்டுவாரே, அதுதான். பார்ப்பவர்களுக்கு அது ஊர் சுற்றிய பெருமை. எனக்கு அயோவா என்றால் உடைந்த பல், யூட்டா என்றால் உன் முதுகில் பெல்ட். வயோமிங்கில் கூரை ஆன்டெனாவை இறக்காமலே வண்டியை எடுத்தார். அது மரக்கிளையில் மாட்டி முறிந்தது. ஞாபகப்படுத்தாதது என் குற்றமாம். என் தலையைப் பிடித்து ஸ்டவ்வில் மோதினார். மறுபடியும் மோதினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள், சின்னப் பிள்ளை நீ, "அம்மா கதவுல இடிச்சுக்கிட்டாங்க" என்றாய். வழியில் அவர் சொல்லிக் கொடுத்தது. மறுநாள் காலை வயோமிங்கை ஒட்டினார்.

"மிச்ச மாநிலத்தையெல்லாம் மார்லீனையும் பெத்தையும் கூட்டிட்டுப் போய் நான் ஒட்டி முடிக்கிறேம்மா" என்று பெண்டாட்டி, மகளோடு ஊர் சுற்றும் ஆசையில் நீ சொன்னபோது பூரித்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். பெத் எடுத்தாள். அம்மா எங்கே என்றேன். "படுத்திருக்காங்க பாட்டி. கதவுல இடிச்சுக்கிட்டாங்க" என்றாள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவே இல்லை.

போனை வைத்துவிட்டுச் சம்மட்டியோடு கேரவனில் ஏறினேன். கண்ணாடி, ஸ்டவ், படுக்கை, எதையும் விடவில்லை. கை கிழிந்து ரத்தம் கொட்டியது, நிறுத்தவில்லை. ஓர்வில் ஓடிவந்து "உனக்கென்ன பைத்தியமா" என்று கத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையைக் கொண்டுவந்து அவரும் அடித்தார். கதவை மட்டும் நானே பிளந்தேன்.

நீ தேடுகிற மார்லீனும் பெத்தும் என்னோடுதான் இருக்கிறார்கள். ஓர்வில் போய் அழைத்து வந்தார். மார்லீனுக்கு இடது கண் இன்னும் திறக்கவில்லை. போலீஸில் எல்லாவற்றையும் அவளே சொன்னாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே வராதே ரஸல். சம்மட்டி வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வந்தால் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மிச்ச மாநிலங்கள் காலியாகவே கிடக்கட்டும். கடவுள் உன் கைகளைக் கட்டி வைக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

இன்னமும் உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா டெல்மா