பரிமளாவின் கணக்கில் நான் அழித்தவை

அனுப்புநர்
வ. ஜெயப்பிரியா, பி.எஸ்சி. (கணினி அறிவியல்),
பகுதிநேரக் கணினிப் பணியாளர்,
சவுக்குமேட்டுக்குப்பம் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கம்,
மாமல்லபுரம் வழி.

பெறுநர்
விசாரணை அலுவலர் அவர்கள்,
மீனவ மகளிர் சங்கங்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: சங்கக் கணினியில் 186 உறுப்பினர்களின் ஆவணங்கள் அழிந்தது – எழுத்தர் பரிமளா மீதான குற்றச்சாட்டு தவறு – அழித்தது நான் – என் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: 11.07.2025 அன்று தாங்கள் சங்கத்தில் நடத்திய விசாரணை.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் தங்கள் மின்னஞ்சலுக்கு மனு அனுப்புவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி ஒன்று ஆகப்போகிறது. குழந்தை இப்போதுதான் தூங்கினான். உண்மையில் நான் தாமதித்தது இன்றிரவு மட்டுமல்ல. எட்டு நாட்களுக்கு முன் தங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

1. எங்கள் சங்கத்தில் இருப்பது ஒரே கணினி. அதில் எனக்கு, பரிமளாவுக்கு, எனக்கு முன் வேலை பார்த்து விலகிய லோகுவுக்கு என்று மூன்று பயனர் கணக்குகள் இருந்தன. புதிதாக எதையும் ஏற்றவும், இன்னொருவர் கணக்கை நீக்கவும் முடிகிற 'அட்மின்' உரிமை எனக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. அப்படித்தான் இருக்கிறது என்று சென்ற தணிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2. அது பொய்க் கையெழுத்து. ஸ்கேனர் அடிக்கடி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். மதியம் பால் கொடுக்க நான் வீட்டுக்குப் போயிருக்கும்போது பரிமளா போன் செய்வார். "இன்னா ப்ரியா, இந்த மெஷினு என்னிய நம்பவே மாட்டேங்குது, உன்னியே கூட்டாரச் சொல்லிக்கினு கீது" என்று சிரிப்பார். போன் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்வான். சென்ற பிப்ரவரியில் ஒரு நாள், எரிச்சலில், அவர் கணக்குக்கும் அட்மின் உரிமை கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. கொடுத்ததை நானும் சொல்லவில்லை. மெஷின் சரியாகிவிட்டது என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

3. காலை எட்டு மணிக்குச் சங்கத்தைத் திறப்பவர் பரிமளா. அவர் கணக்கில் திறக்கும் கணினி, யார் வந்து உட்கார்ந்தாலும், மாலை வரை அதே கணக்கில்தான் ஓடும். ஏலம் முடிந்து கூடையோடு வருகிற பெண்களுக்கு நிற்க நேரமிருக்காது. "அத்த மூடி மூடித் தெறக்காதீங்கடி, ஐஸு கரையறதுக்குள்ள நாங்க போணும்" என்று தலைவி தனக்கோடி அம்மாள் சத்தம் போடுவார். தாங்கள் அச்செடுத்துக் காட்டிய பதிவில் வரிக்கு வரி பரிமளா பெயர் இருப்பது இதனால்தான்.

4. 08.07.2025 அன்று, விலகிய பணியாளர்களின் கணக்குகளை நீக்கச் சொல்லி வந்த சுற்றறிக்கைப்படி, லோகுவின் கணக்கை நீக்க உட்கார்ந்தேன். மாலை 4.38. வழக்கம்போல் பரிமளாவின் கணக்குதான் திறந்திருந்தது. மடியிலிருந்த குழந்தை வாந்தி எடுத்துவிட்டான். பரிமளா அவனை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நகல் எடுக்க வந்திருந்த உறுப்பினர் ஷபானா கூடவே போய்த் தண்ணீர் ஊற்றினார். அவரைக் கேட்டால் சொல்வார். கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று கணினி கேட்டது. அழி என்று அமுக்கினேன். உறுப்பினர் ஆவணங்கள் பொதுக் கோப்புறையில் இருப்பதாக நம்பியிருந்தேன். அங்கே இருந்தவை அசல் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் 'ஷார்ட்கட்' படங்கள். அசல் கோப்புகள் எல்லாம் லோகுவின் கணக்குக்குள்ளேயே இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கணினி அறிவியல் படித்தவள் பார்க்கவில்லை.

5. இதுவரை நடந்ததைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மறுநாள் காலை என் கணக்கில் நுழைந்து, பரிமளாவுக்குக் கொடுத்த அட்மின் உரிமையைப் பிடுங்கினேன். தப்பைத் திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணையில் பார்த்தபோது அவர் கணக்கில் அந்த உரிமை இல்லை. அதனால்தான் அவர் என் பாஸ்வேர்டைத் திருடி, நுழையக் கூடாத இடத்தில் நுழைந்தார் என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டது.

6. விசாரணையில் தாங்கள் கேட்டது, "அந்த நேரத்தில் யாருடைய கணக்கு திறந்திருந்தது?" என்று. "பரிமளாவின் கணக்கு, ஐயா" என்றேன். அந்தப் பதிலில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது. நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தன் முறை வரும்வரை, என் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றவர் பரிமளா.

அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. பணியிடை நீக்க உத்தரவு கைக்கு வந்த அன்று எனக்குத்தான் முதலில் போன் செய்தார். "நாந்தான் எத்தயோ அமுக்கிட்டேன் போலகீது ப்ரியா. உம்மேல எதுனா வந்துச்சுன்னா கைப்புள்ளய வச்சிக்கினு இன்னா பண்ணுவ? நீ கம்முனு இரு" என்றார். நான் கம்மென்றுதான் இருந்தேன்.

இப்போது அவர் மீன் வாங்கி விற்க ஏலக்கூடத்துக்குப் போகிறார். நேற்று நானும் அங்கே இருந்தேன். "இன்னாடி அட்மினு, இன்னிக்கு யார் பேர அழிக்கப் போற?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பரிமளாவும் சிரிக்கப் பார்த்தார். என்னைக் கண்டதும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். நான் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய விடும் இடம் இது ஒன்றுதான். அது போய்விடும் என்று பயந்தேன். இது காரணம்தான், நியாயம் என்று சொல்லவில்லை. என் கணவருக்குக்கூட இன்னும் தெரியாது. இதை அனுப்பிவிட்டு அவரை எழுப்பிச் சொல்வேன். முன்னால் சொன்னால் அனுப்பாமல் இருந்துவிடுவேனோ என்று பயம்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

பரிமளா இறுதி விளக்கம் தர வேண்டிய 23ஆம் தேதிக்கு முன் அவர் மீதான உத்தரவை ரத்து செய்யுங்கள். அவர் குற்றமற்றவர் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது, அதை அங்கே யாரும் படிப்பதில்லை. காலை ஏலக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிப்பது நானாக இருக்கட்டும்.

பொய்க் கையெழுத்துக்கும், அழித்ததற்கும், மறைத்ததற்கும் என் மீது நடவடிக்கை எடுங்கள்.

விசாரணைக்குப் பின் நிறுத்தி வைத்திருந்த கணினியை வரும் திங்கள் காலை எட்டு மணிக்குத் திறந்து, ஆவணங்களை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லி, பரிமளாவிடமிருந்து வாங்கிய சங்கத்துச் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் புதிதாக எதையும் சேமித்தால், அழிந்தவற்றை மீட்க இருக்கும் கொஞ்ச வாய்ப்பும் போய்விடும். வல்லுநர் ஒருவர் பார்க்கும்வரை அதைத் திறக்க வேண்டாம் என்று உத்தரவிடுங்கள். அந்தச் சாவியையும் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திங்களுக்குள் தங்கள் பதில் வேண்டும், ஐயா. தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.

நாள்: 19.07.2025
இடம்: சவுக்குமேட்டுக்குப்பம்

இப்படிக்கு,
வ. ஜெயப்பிரியா